கஞ்சா வழக்கில் ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை: யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கேட்பது

"குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போய்விடலாம்" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு ஒரு வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

நான் மதுரைப் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் வழக்கு நடத்தும் வக்கீல். இலவச சட்ட உதவி பேனலிலும் இருக்கிறேன். அதனால் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையன்களின் அம்மாக்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். அப்பாக்கள் கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அல்லது கோர்ட் வாசல் டீக்கடை வரை வந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். அம்மாக்கள் முதலில் கேட்பது, "ஜாமீன் எப்பம்மா கிடைக்கும்?" அடுத்தது, "இவனை எங்கயாவது சேத்து சரி பண்ண முடியாதா?" இந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவருக்குக் கோர்ட்டே எடுத்துக் கொடுப்பது அபூர்வம்.

1985-ஆம் ஆண்டு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை கோர்ட்டில் எல்லோரும் என்.டி.பி.எஸ். என்றுதான் சொல்வோம். பத்து வருடம், இருபது வருடம் என்று தண்டனை கொடுக்கும் சட்டம் என்பதால் பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடாது. அதே சட்டத்தில்தான் 64ஏ, 39 என்று இரண்டு பிரிவுகளும் இருக்கின்றன. போதைக்கு அடிமையான ஒருவர், சிறு அளவு போதைப்பொருளோடு பிடிபட்டாலோ, உட்கொண்டதற்காக மட்டும் வழக்கு வந்தாலோ, தண்டனைக்குப் பதிலாக சிகிச்சைக்குப் போக வழி செய்பவை இவை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 64ஏ என்பது தீர்ப்புக்கு முன்னால். குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ மையத்திலோ போதை மீட்பு சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கில் அவர்மேல் நடவடிக்கை தொடரக்கூடாது என்கிறது. பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 39 என்பது குற்றவாளி என்று முடிவான பிறகு. வயது, நடத்தை, பழைய வழக்கு உண்டா இல்லையா, உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஜெயிலுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அவருடைய சம்மதத்தோடு, பாண்ட் (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு விடலாம். இதில் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடம் என்று மட்டும்தான் இருக்கிறது.

64ஏ கிடைத்தால் தண்டனைப் பதிவே வராது. 39-ல் 'குற்றவாளி' என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது, ஜெயில் மட்டும்தான் தவிர்க்கப்படுகிறது. ஆகவே முதலில் 64ஏ. அது கைகூடாவிட்டால் 39. ஃபைன் கட்டிவிட்டுப் போவது கடைசி. நடைமுறையில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகத்தான் நடக்கிறது, ஏனென்றால் ஃபைன் கட்டினால் அன்று சாயங்காலமே வழக்கு முடிந்துவிடும். வக்கீலுக்கும் வேலை மிச்சம், கோர்ட்டுக்கும் ஒரு நம்பர் குறையும். பையனுக்கு மட்டும், வாழ்நாள் முழுக்க ஒரு போதைப்பொருள் வழக்குத் தண்டனை. போலீஸ் வேலை, அரசு வேலை, பாஸ்போர்ட் விசாரணை என்று எங்கே போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். அடுத்த முறை இதே மாதிரிக் குற்றத்தில் தண்டனை வந்தால், 31-ஆம் பிரிவின்படி உச்ச தண்டனையே ஒன்றரை மடங்காகிவிடும்.

முதலில் எடையைப் பாருங்கள்

தகுதி உண்டா இல்லையா என்பதை எஃப்.ஐ.ஆரில் இருக்கும் இரண்டே விஷயங்கள் முக்கால்வாசி முடிவு செய்துவிடும்: பிரிவு, எடை. எஃப்.ஐ.ஆர். நகல் வாங்காமல் யாரிடமும் போய் உட்கார வேண்டாம்.

கஞ்சா என்றால் 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. சரியாக 1 கிலோ இருந்தால் சிறு அளவு இல்லை, கவனியுங்கள். எஃப்.ஐ.ஆரில் 20(பி)(ii)(ஏ) என்று போட்டிருப்பார்கள். உச்ச தண்டனை 1 வருடக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைசி எழுத்து 'பி' என்று இருந்தால் 1 கிலோவிலிருந்து வணிக அளவுக்குக் கீழே வரை, அதாவது நடு அளவு என்று அர்த்தம். அதற்கு 10 வருடம் வரை தண்டனை உண்டு, சிறப்பு நீதிமன்றத்துக்குப் போய்விடும். வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். இங்கே எஃப்.ஐ.ஆர்.களில் 1 கிலோ 100 கிராம் என்ற எடை அடிக்கடி வரும். ஏன் அந்த எடை என்று கோர்ட் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த 100 கிராமில்தான் பையனின் தலையெழுத்து இருக்கிறது. அதனால் அதை அப்படியே ஒத்துக்கொள்ளக்கூடாது. சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனி சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் அந்த விளக்கத்தில் வராது. கைப்பற்றிய பொருளில் என்னென்ன இருந்தது, பையோடு சேர்த்து எடை போட்டார்களா, எந்தத் தராசு என்பதெல்லாம் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் தாளில், இருக்க வேண்டும். 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல் போட்டு மாதிரி எடுத்திருந்தால் அந்தப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். இரண்டு தாளிலும் எடை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது வக்கீலின் வேலைதான். ஆனால் "பாத்தீங்களா மேடம்" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் அவர் கட்டாயம் பார்ப்பார்.

நான்கைந்து பையன்கள் சேர்ந்து பிடிபட்டால் இன்னொரு சிக்கல். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு பொட்டலம் இருந்திருக்கும். எஃப்.ஐ.ஆரில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எடையாகப் போட்டிருப்பார்கள். யாரிடம் எவ்வளவு என்று மகஜர் தனித்தனியாகச் சொன்னால், கூட்டிய எடையை ஒவ்வொருவர் தலையிலும் கட்டக்கூடாது என்று வாதாட இடமிருக்கிறது.

மற்றப் பொருள்களுக்கு அளவு மிகச் சிறியது. சரஸ் (கஞ்சாப் பிசின்) 100 கிராம், ஹெராயின் 5 கிராம், கோகெய்ன் 2 கிராம், மெத்தாம்பெட்டமின் 2 கிராம், எம்.டி.எம்.ஏ. அரை கிராம், எல்.எஸ்.டி. 2 மில்லிகிராம். இதற்குக் கீழே இருந்தால்தான் சிறு அளவு. கலப்படம் செய்து விற்ற பொருள் என்றால், உள்ளே இருக்கும் சுத்தமான போதைப்பொருளின் எடையை மட்டும் கணக்கிடுவதில்லை, மொத்தக் கலவையின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-ல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் எம்.டி.எம்.ஏ. மாத்திரை இரண்டு வைத்திருந்தாலே அரை கிராமைத் தாண்டிவிடலாம். 'ஒரு தடவை பாப்போம்' என்று வாங்கிய கல்லூரிப் பையன் சிறு அளவைத் தாண்டி நிற்பான், மூன்று வருடமாகக் கஞ்சா புகைத்தவன் சிறு அளவுக்குள் இருப்பான். நியாயமாகப் படவில்லைதான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எடை எதுவும் இல்லாமல், உட்கொண்டதற்கு மட்டும் வழக்கு என்றால் அது 27-ஆம் பிரிவு. கஞ்சாவுக்கு 6 மாதம் வரை, ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றுக்கு 1 வருடம் வரை. 64ஏ, 39 இரண்டும் இதற்கும் பொருந்தும்.

நடு அளவோ வணிக அளவோ இருந்தால் இந்த இரண்டு பிரிவுகளும் கிடையாது. நடு அளவில், சிகிச்சை எடுத்த சான்றுகளை ஜாமீன் மனுவிலும், தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போதும் காட்டலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நீதிபதியின் மனசைத் தொடும் ஆவணம் மட்டுமே, உரிமை ஆகாது.

விற்ற பையனுக்குக் கிடைக்குமா

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. தன் செலவுக்காக நாலு பொட்டலம் விற்றவன், தானும் அதற்கு அடிமை. சிறு அளவுக்குள் இருந்தால், வைத்திருந்ததா விற்றதா என்று 20-ஆம் பிரிவு தண்டனையில் வித்தியாசம் காட்டவில்லை. 39-ஆம் பிரிவும் 'சிறு அளவு தொடர்பான குற்றங்கள்' என்றுதான் சொல்கிறது. ஆகவே எஃப்.ஐ.ஆரில் 'விற்பனைக்காக வைத்திருந்தார்' என்று ஒரு வரி இருப்பதாலேயே கை கழுவ வேண்டாம். நீதிபதி யோசிப்பார், அரசுத் தரப்பு கடுமையாக எதிர்க்கும். கேட்கவே கூடாது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் தொடர்ந்து விற்றதாகப் பல வழக்குகள் இருந்தால் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்ற 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடுப்புக் காவலில் வைக்கவும் முடியும். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

'அடிமை' என்பதை எப்படிக் காட்டுவது

சட்டத்தின் பார்வையில் அடிமை என்றால் போதைப்பொருளைச் சார்ந்து இருப்பவர். ஒரு கல்யாண வீட்டில் நண்பர்களோடு ஒரு தடவை புகைத்தவர் இதில் வரமாட்டார். அவருக்கு இல்லாத நோயைச் சொல்லிச் சான்று வாங்கப் போகாதீர்கள். அரசு மருத்துவர் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, வழக்கு 27-ஆம் பிரிவில் மட்டும் இருந்தால், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்து விடச் சொல்லிக் கேட்கலாம். பொதுவாக என்.டி.பி.எஸ். வழக்குகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கும், 26, 27 பிரிவுகளுக்கும் மட்டும் 33-ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. 18 வயது ஆகாத பையன் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் வயதுச் சான்றை எடுத்துக் காட்டுங்கள். அவன் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியவன், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கவே கூடாது.

சார்ந்திருப்பதை நிரூபிக்க மிகவும் உதவும் காகிதம், பிடிபடுவதற்கு முந்தைய தேதி போட்ட எதுவாக இருந்தாலும் சரி. ஒரு அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த ஓ.பி. சீட்டை எடுத்துக் கொடுத்தார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு முத்திரை, ஆங்கிலத்தில் கிறுக்கலாக இரண்டு வரி: தூக்கமில்லை, மூன்று வருடமாகக் கஞ்சா, அடுத்த வாரம் வரவும். அந்த 'அடுத்த வாரம்' பையன் போகவில்லை. ஆனால் சீட்டின் தேதி கைதுக்கு ஏழெட்டு மாதம் முந்தையது. வழக்குக்காகத் தயாரித்த காகிதம் இது இல்லை என்று அந்தத் தேதியே சொல்லிவிட்டது. அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் ஆட்சேபணையைப் பெரிதாக நீட்டவில்லை. நான் பேசிய பேச்சை விட அந்தத் துண்டுக் காகிதம்தான் வேலை செய்தது.

அப்படி எதுவும் இல்லையென்றால் கைதான நாளிலிருந்தே பதிவை உண்டாக்கலாம். ரிமாண்டுக்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார்கள். "காயம் ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். அப்போதே பையன் வாய் திறந்து, என்ன போதை, எவ்வளவு நாளாக, விட்டால் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லலாம். சிறைக்குள் போன பிறகு தூக்கமின்மை, நடுக்கம், வாந்தி, எரிச்சல் எது வந்தாலும் சிறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறை மருத்துவப் பதிவேடு பின்னால் நல்ல சாட்சி. ஹெராயினோ வலி மாத்திரையோ எடுத்தவருக்கு இது சாட்சிக்காக மட்டும் சொல்லும் விஷயம் இல்லை. திடீரென்று நின்றால் உடம்பு படும் பாடு கடுமையானது, மருந்து தேவைப்படும். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அதனால் மாத்திரைப் பையன்களும் இப்போது இந்த வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வழக்கே பொய், பொட்டலம் என்னுடையது இல்லை என்பது உங்கள் நிலை என்றால், இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் வக்கீலோடு உட்கார்ந்து பேசுங்கள். 64ஏ கேட்க குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் போதைப் பழக்கம் உண்டு என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடப்பது சுலபமில்லை.

எங்கே சேர்ப்பது

சாதாரணக் குடும்பத்துக்கு நான் சொல்வது அரசு மருத்துவமனைதான். காரணம் காசு மட்டும் இல்லை. 'அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த' என்ற நிபந்தனை அங்கே கேள்விக்கே இடமில்லாமல் நிறைவேறிவிடும். மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, சென்னையில் 1794-லேயே தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களும் தொடங்கினார்கள். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களில் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு நடப்பவை உண்டு. சென்னை இந்திரா நகரில் 1980-லிருந்து இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போல் நல்ல பெயர் உள்ள இடங்களும் உண்டு. பக்கத்தில் எது என்று கேட்க 14446 என்ற தேசிய உதவி எண்.

ஆனால் ஊருக்கு வெளியே வாடகை வீட்டை எடுத்து, கேட்டைப் பூட்டி, 'மறுவாழ்வு இல்லம்' என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களும் இருக்கின்றன. காசு கட்டிச் சேர்த்துவிட்டு அங்கே வாங்கிய சான்றோடு வருகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் மனநோயில் அடங்கும். ஆகவே ஆட்களை உள்ளே வைத்துச் சிகிச்சை கொடுக்கும் இடத்துக்குப் பதிவு வேண்டும். சங்கிலியில் கட்டுவது எந்த வடிவத்திலும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சேர்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மாட்டோம் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். அந்தச் சான்று கோர்ட்டில் செல்லாது, பையன் உடம்புக்கும் நல்லதில்லை.

சேர்த்த முதல் நாளே மருத்துவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: சிகிச்சைத் திட்டத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை நாள் உள்ளே, அதற்கப்புறம் எத்தனை மாதம் ஓ.பி., கவுன்சலிங் எப்போது, என்ன மருந்து. ஏன் சொல்கிறேன் என்றால், 64ஏ 'முழுச் சிகிச்சை' என்கிறது, முழுமை என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. முதலிலேயே எழுதியிருந்தால், முடித்தாரா இல்லையா என்று பின்னால் யாரும் தகராறு செய்ய முடியாது.

சிறுநீர்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. நீண்ட நாள் கஞ்சா புகைத்தவருக்கு, நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் 'பாசிட்டிவ்' வரும். உடம்புக் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதால் அப்படி. மூன்றாவது வாரத்தில் வந்த முடிவைப் பார்த்துவிட்டு "மறுபடி அடிச்சிட்டான்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அறிக்கையில் மருத்துவரே இதை ஒரு வரியில் விளக்கி எழுதினால் கோர்ட்டிலும் குழப்பம் வராது.

மனு

சிறு அளவு வழக்குகள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான் நடக்கும். 64ஏ, 'குற்றம் சாட்டப்பட்ட' அடிமை என்று சொல்வதால், குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்குக்கு நம்பர் விழுந்த பிறகு மனுப் போடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் சிகிச்சையை அதுவரை தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. ஜாமீனில் வந்த வாரமே சேர்ந்துவிட்டால், மனுப் போடும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கும். 'சிகிச்சை எடுப்பேன்' என்பதை விட 'எடுத்துக்கொண்டிருக்கிறேன்' என்பது எப்போதும் பலம். இன்னொரு விஷயம்: உச்ச தண்டனை 1 வருடமே உள்ள குற்றத்துக்கு ஒரு வருடக் காலவரம்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468, அதற்குப் பதிலாக இப்போது இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 514. பழைய சட்டத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியைப் பார்ப்பார்கள், 514-ல் எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியைத்தான் பார்ப்பார்கள். இந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும். காலம் தாண்டியிருந்தால் சிகிச்சை மனுவே தேவைப்படாமல் போகலாம்.

மனுவில் நீளமான கதை வேண்டாம். என்ன பிரிவு, எவ்வளவு எடை, அது ஏன் சிறு அளவு, எவ்வளவு காலமாகப் பழக்கம், எந்த மருத்துவமனை, எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, தானாக முன்வந்து எடுக்கிறார் என்ற ஒரு வாக்கியம், இணைப்பில் ஓ.பி. சீட்டு, சேர்க்கைச் சான்று, சிகிச்சைத் திட்டம். வேலை பார்க்கிறவர் என்றால் முதலாளியின் கடிதம், படிக்கிறவர் என்றால் கல்லூரிச் சான்று. 39-க்கு முன்நடத்தையும் பார்ப்பார்கள் என்பதால் இவை அங்கேயும் உதவும்.

அம்மாவுக்கு ஆசை இருந்தால் போதாது. 64ஏ-யில் 'தானாக முன்வந்து', 39-ல் 'சம்மதத்தோடு'. நீதிபதி பையனைக் கூண்டுக்கு முன்னால் கூப்பிட்டு நேராகக் கேட்பார். "அம்மா சொன்னாங்க" என்று சொன்னால் வேலை கெட்டது. "தூக்கம் வரல சார், வேலைக்குப் போக முடியல, விட்டுரணும்னு இருக்கு" என்று அவன் பேச்சிலேயே சொல்ல வேண்டும். நான் யாருக்கும் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. முந்தின நாள் ஆபீசில் உட்கார வைத்து, என்ன கேட்பார்கள் என்று மட்டும் சொல்வேன்.

64ஏ மனு ஏற்கப்பட்டால், சிகிச்சை முடியும் வரை கோர்ட் வழக்கை வாய்தா போட்டு நிறுத்தி வைக்கும். முடித்த அறிக்கை வந்த பிறகுதான் வழக்கு முடியும். அந்த வாய்தாக்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். வார்டில் உள்ளே இருந்தால் வக்கீல் மூலம் மனுக் கொடுத்து அன்றைக்கு விலக்கு வாங்குங்கள். சிகிச்சைக்காகக் கோர்ட்டுக்கு வராமல் இருந்து, அதற்காகவே வாரண்ட் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் மறுத்தால், உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் கேட்கலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை.

39-இன் கீழ் என்றால் மத்திய அரசு வகுத்த படிவத்தில் பாண்ட். ஜாமீன்தாரர் வேண்டுமா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்பம். ஒரு வருடத்துக்குள் கோர்ட் சொல்லும் தேதியில் சிகிச்சையின் முடிவு பற்றிய அறிக்கையோடு வர வேண்டும், அதுவரை எந்தப் போதைப்பொருள் குற்றத்திலும் மாட்டக்கூடாது. அறிக்கை திருப்தியாக இருந்தால் கண்டித்துவிட்டு, அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு இன்னொரு பாண்ட். அந்தக் காலத்தில் மறுபடி மாட்டினால், கூப்பிடும்போது வந்து பழைய தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜாமீன்தாரராகச் சித்தப்பாவையோ மாமாவையோ கூப்பிடும்போது இதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பத்து நிமிஷம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று கூட்டி வராதீர்கள், மூன்று வருடம் அவர் பெயர் அதில் இருக்கும்.

நடுவில் பையன் மறுபடி ஒரு தடவை புகைத்துவிட்டால்? நடக்கும். இந்த நோயில் சறுக்குவது சகஜம் என்று எந்த மனநல மருத்துவரும் சொல்வார். 64ஏ-யிலும் பாதுகாப்பைத் திரும்ப எடுக்க'லாம்' என்றுதான் இருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மறைக்காமல் மருத்துவரிடம் போங்கள். சறுக்கினார், திரும்பி வந்தார், சிகிச்சை தொடர்கிறது என்று அவர் எழுதினால் கோர்ட் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வார்டை விட்டு ஓடிப்போய் மாதக்கணக்கில் காணாமல் போனால் யாராலும் காப்பாற்ற முடியாது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். காவலில் இருப்பவர், பெண், பட்டியல் சாதி, பழங்குடி என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, ஆதார், மருத்துவக் காகிதங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

கடைசி உத்தரவு வந்த அன்றே நகல் மனுப் போட்டு, சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்றை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கோர்ட்டில் முடிந்த வழக்கு ஸ்டேஷன் பதிவேட்டில் 'நிலுவை' என்றே வருடக்கணக்கில் கிடக்கும். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.